ரைட் என்றால் வலது இல்லை

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் இறால் கூடையோடு குந்தியிருந்தேன். ஒரு அம்மா ஒவ்வொரு இறாலாகத் தூக்கிப் பார்த்து, "நேத்துதா இது?" என்று கேட்டார். "நேத்து இது கல்யாணத்துக்குப் போயிருந்துச்சும்மா, இன்னிக்குத்தான் வந்துச்சு" என்று நான் சொல்லும்போது போன் அடித்தது. வலது கை முழுக்க ஐஸ் தண்ணீர். இடது கைக் கட்டைவிரலால் தள்ளி எடுத்தேன். ஜெசி சிஸ்டர். டயாலிசிஸ் சென்டரில் எங்களைத் திட்டுவதற்கென்றே பிறந்தவர். அன்றைக்குத் திட்டவில்லை. "பூங்காவனம்" என்று என் முழுப் பேரையும் சொன்னார். "மாசிலாமணி காலையில வீட்லயே போயிட்டாரும்மா. ஹார்ட்டு. உனக்கு மொதல்ல சொல்லணும்னு தோணிச்சு."

போனை மடியில் வைத்துவிட்டு என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா பயந்துபோய்ப் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்.

அந்த விரல் ரொம்ப நாளாக எனக்குச் சொந்தமில்லை. டயாலிசிஸ் நாட்களில் அது மாசிலாமணி அண்ணனுக்குச் சொந்தம். எப்படி என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் ‘யார் இந்தப் பொம்பளை’ என்று அவர் சம்சாரம் கஸ்தூரி அண்ணி முகத்தைப் பார்ப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.

படத்திறப்பில் என்னைப் பேசச் சொன்னது அண்ணிதான். எழுந்து நின்றால் சிரித்துவிடுவேன், சிரித்தால் அழுதுவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். நான் மூணாங்கிளாஸ். வாயால் சொன்னால் போனே எழுதிக்கொள்கிறது. நான் ‘வூடு’ என்றால் அது ‘வீடு’ என்று போடுகிறது. அவரவர் பேசினதை மட்டும் பேசினபடியே திருத்தி வைத்தேன். அண்ணன் வாயில் ‘வீடு’ வந்தால் போட்டோவே எழுந்து வந்து சண்டை போடும்.

என் வீட்டுக்காரர் பேர் ஏழுமலை. கத்திவாக்கம். எண்ணூர் கழிமுகத்தில் மார்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர். வலை வேண்டாம், தூண்டில் வேண்டாம், ரெண்டு கை போதும். கிட்னி போனபோது அவசரத்துக்குக் கழுத்தில் பைப் வைத்தார்கள். "இது நிரந்தரம் இல்ல, கிருமி உள்ள போயிடும். இடது கையில ஆபரேஷன் பண்ணி நரம்பைச் சேத்துட்டா அப்புறம் கையிலயே ஊசி போட்டுக்கலாம். ஆனா அந்தக் கைய சேறு கலந்த தண்ணியில விடக்கூடாது" என்றார் டாக்டர். அவ்வளவு பேச்சில் இவர் காதில் விழுந்தது ஒன்றுதான். கை போச்சு. "என் கைய எவனுக்கும் தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அதோடு பேச்சு நின்றது. ஒரு தடவை பைப் வழியாகக் கிருமி ஏறி, குளிர் காய்ச்சலில் கட்டிலே ஆடியது. "இன்னொரு வாட்டி இப்படி வந்தா நம்ம கையில இல்ல" என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் அழுதேன், கத்தினேன், நாத்தனாரைக் கூட்டிவந்து அழவிட்டேன். சுவர்தான் கேட்டது.

டயாலிசிஸ் வார்டில் அந்தச் சுவருக்கு எதிர்ப்பக்கத்துக் கட்டில்தான் மாசிலாமணி அண்ணன். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர். இடது கையில் ரெண்டு ஊசி. கையை மடக்கினால் மிஷின் கத்தும், மிஷினுக்குப் பின்னாலேயே ஜெசி சிஸ்டர் கத்துவார். அண்ணன் வயிற்றின் மேல் தலையணை, தலையணை மேல் போன், போனில் ஒரு ஆட்டம். துறைமுக வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது டிரைவர்கள் பழகிக்கொண்ட ஆட்டம் அது. ஒரு பேய், நாலு மனுஷங்க. பேயை அடிக்க முடியாது. ஓடலாம், ஒளியலாம். கெட்டுக் கிடக்கும் ஜெனரேட்டர்களை ரிப்பேர் பண்ணினால் கேட் திறக்கும், தப்பிக்கலாம். இடது கட்டைவிரல் தள்ளினால் ஆள் நடப்பான். வலது கட்டைவிரல் கண்ணும் கையும். அண்ணனின் இடது கையோ மிஷினிடம். அதனால் அவர் ஆள் ஓரிடத்தில் நின்றபடி சுற்றிச் சுற்றிப் பார்ப்பான். பேய் சாவகாசமாக வந்து தூக்கிக்கொண்டு போகும்.

எனக்கு அடக்க முடியவில்லை. "இன்னா அண்ணாத்தே, உங்க ஆளு பொண்ணு பாக்க வந்தப்போ நிக்கிற பொண்ணாட்டம் நிக்கிறான்?"

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கால் இல்லமே. கீதுன்னா குடு."

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து என் இடது கட்டைவிரலைக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவர் கண், நான் கால்.

முதல் ஆட்டத்திலேயே என்னைப் பேயிடம் பிடித்துக் கொடுத்துவிட்டார். பேய் வலது பக்கம் மரத்துக்குப் பின்னால் நிற்கிறது. இவர், "ரைட்டு! ரைட்டு! ரைட்டு!" என்று கத்துகிறார். நான் விரலை வலது பக்கம் தள்ளினேன். நேராகப் பேய் மடியில் போய் உட்கார்ந்தோம்.

"ஏம்மே, ரைட்டுன்னா போவமாட்டியா?"

"ரைட்டுலதானே போனேன்?"

"ரைட்டுல யாரு போவ சொன்னா? ரைட்டுன்னா ரைட்டுமே! வண்டிய எடு, கெளம்புன்னு அர்த்தம்!"

"அப்போ ரைட்டுப் பக்கம் போவணும்னா இன்னா சொல்வீங்க?"

யோசித்தார். "டிரைவர் சைடு."

"நான் இன்னாத்த கண்டேன் டிரைவர் சைடும் கிளீனர் சைடும். சோத்தாங்கை, பீச்சாங்கை. முடிஞ்சுது."

அவர் சிரித்த சிரிப்பில் கை மடங்கி மிஷின் கத்தியது. சிஸ்டர் வந்து கத்தினார். அதன் பிறகு எங்கள் வார்டில் "பீச்சாங்கை! பீச்சாங்கை! அப்படியே ரைட்டு!" என்று ஒரே கூச்சல். சிஸ்டருக்கு நாகர்கோவில் பக்கம். பீச்சாங்கை என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டார். எந்தக் கை என்றும், ஏன் அந்தப் பேர் என்றும் விளக்கமாகச் சொன்னேன். அன்று பூராவும் அவர் எங்கள் பக்கம் வரவில்லை.

பேய்களில் பல ஜாதி உண்டு. இங்கிலீஷில் பேர் போட்டிருக்கும். நமக்கு எதற்கு அது? நாங்களே வைத்துக்கொண்டோம். பெரிய அரிவாளைத் தூக்கிக்கொண்டு கண்மண் தெரியாமல் பாய்கிறது டிரெய்லர். "நாப்பதடி வண்டிமே இது. ஸ்பீடு கீது, ஒடிக்க எடம் வேணும். சந்துல பூந்துடு" என்பார். கண்ணுக்குத் தெரியாமல் மணியடித்துக்கொண்டு வருகிறது ஐஸ்காரன். புல்லுக்குள் பொறி வைக்கிறது நண்டுக்காரன். நண்டுக்காரனிடம் அண்ணன் பாச்சா பலிக்காது. அது என் டிபார்ட்மென்ட். நான் பொறி வைத்தால் எங்கே வைப்பேன் என்று யோசித்தேன். வழி நடுவில் வைக்கமாட்டேன். அவசரத்தில் ஓடுகிறவன் திரும்பிப் பார்த்துக்கொண்டே கால் வைக்கிற இடத்தில் வைப்பேன். போய்ப் பார்த்தால் அங்கேதான் இருந்தது. அண்ணன் வாயைப் பிளந்தார்.

"யார்மே நீ, பேயோட பங்காளியா?"

"பேயோட பொண்டாட்டி" என்று சொல்லி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவரைக் காட்டினேன். அந்த முதுகு ஒரு தடவை அசைந்தது. நான் கவனிக்கவில்லை. அண்ணன் கவனித்தார்.

டிரெய்லரிடம் கற்றுக்கொண்டதை ஒருநாள் ஐஸ்காரனிடம் காட்டினேன். சந்துக்குள் புகுந்தேன். சந்துக்குள்ளேயே மணியடித்தது. செத்தோம். "எல்லாப் பேயும் ஒண்ணு கெடயாதுமே. மொதல்ல ஓடாத. இதுக்கு இன்னா வேணும்னு பாரு" என்றார். எந்தப் புதுப் பேய் வந்தாலும் இந்த ஒரு கேள்விதான். இதுக்கு இன்னா வேணும்?

கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால் கோபப்பட மாட்டார். மூக்கை நெருடுவார். "இரு, நான் அந்தாண்ட போய் பாத்துட்டு வரேன்" என்று தானே அந்தப் பேயாக ஒரு ஆட்டம் ஆடுவார். அப்போதும் கால் நான்தான். முடித்துவிட்டு, வெளியூர் போய் வந்தவர் மாதிரி சேதி சொல்வார். "பேய்க்கு முதுகுப் பக்கம் தெர்லமே. நமக்குத் தெரியுது, அதுக்குத் தெர்ல. கிளீனர் இல்லாம வண்டி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி கீது." இன்னொரு நாள் போனைத் தலையணையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "நாலு பேர ஒருத்தனே தேடணும். யாரு எங்க கீறாங்கன்னே தெர்ல. அங்க போய் நின்னா, நாலு பேரையும் வுட எனக்குத்தான்மே பயம் ஜாஸ்தி." தண்ணீர் அளந்து குடிக்கிற ஆள், நாக்கு வறண்டு கிடக்கிற ஆள், மிஷின் ஓடுகிற அந்த நாலு மணி நேரத்தில் ஒரு தடவைகூடத் தாகம் என்று சொன்னதில்லை. யோசித்துக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் மூக்கை நெருடிக்கொண்டே என் வீட்டுக்காரர் முதுகைப் பார்த்தார். நான் ஆபரேஷன் கதையைச் சொன்னேன், அழுதது, கத்தினது எல்லாம். "நீ எல்லாத்துக்கும் ஒரே ஓட்டம் ஓடிக்கினு கீறே" என்றார். "இவருக்கு இன்னா வேணும்னு பாத்தியா?"

அடுத்த தடவை போனபோது, வார்டுக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தார். "இந்த மாதிரி வெரலு ஊர்ல ஒருத்தருக்கும் கெடயாது! இன்னா ஷோக்கா ஓடுது! ஏழுமலை குடுத்து வச்ச மனுஷன். ஆனா அவருக்கு இது எதுக்கு? கழுத்துல பைப்பு, ரெண்டு கையும் ஃப்ரீ. சும்மா வச்சிக்கினு படுத்துனு கீறாரு."

முதுகு திரும்பியது. முகம் வந்தது. எத்தனையோ நாள் கழித்து அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்: "யோவ். என் பொண்டாட்டி வெரல வுடுய்யா."

"வந்து புட்ச்சிக்க மாமு" என்றார் அண்ணன். "பேயா வா."

என் போனை அவரிடம் கொடுத்தேன். அவர் பேய். நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆள். மீதி மூன்றும் போனே ஓட்டுகிற பொம்மைகள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவரிடம் வாயால்தான் தப்பித்திருக்கிறேன், காலால் ஓடினது அதுவே முதல் தடவை. ரெண்டு தடவை ஆடியதும் கை பழகிவிட்டது அவருக்கு. அப்புறம் நாங்கள் ஒரு தடவைகூடத் தப்பிக்கவில்லை. அண்ணன் திகைத்துப்போனார். "இந்தாளு தொரத்த மாட்டேங்கிறான்மே! கம்முனு நிக்கிறான்! நாமளே போய் சிக்கிக்கிறோம்!" மற்ற பேய் என்றால் அந்தாண்ட போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஏழுமலையாக எப்படி ஆடிப் பார்ப்பது? ஆட்டத்தில் அந்தப் பேய் கிடையாதே.

அதனால் அவரிடமே கேட்டார். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "மாமு, எறா எப்டி புடிப்பே?"

என் வீட்டுக்காரர் ரெண்டு கையையும் தூக்கினார். கட்டிலில் படுத்தபடி, ஃபேனுக்குக் கீழே, காற்றையே சேறு மாதிரி தடவினார். "எறா முன்னாடி ஓடும்னு நெனப்பாங்கோ. கெடயாது. பயந்துச்சுன்னா பின்னாடிதான் துள்ளும். ஒரு கை முன்னாடி காட்டணும், சும்மா பயங்காட்ட. இன்னொரு கை அதும் முதுகாண்ட முன்னாலயே போய்க் காத்துக்கினு இருக்கணும்." இடது கையைக் குழித்துக் காட்டினார். அந்தக் கைதான் காத்திருக்கிற கை. இத்தனை வருஷம் இறால் விற்கிறேன், இதை நான் கேட்டதே இல்லை. அண்ணன் அடுக்கடுக்காகக் கேட்டார். சேற்றில் இறாலா கல்லா என்று விரலுக்கு எப்படித் தெரியும், தண்ணீர் ஏறும்போது எங்கே போகும், குட்டி சிக்கினால் விட்டுவிடுவாயா. இவர் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். நேரம் முடிந்து மிஷின் நின்றதுகூடத் தெரியவில்லை.

அதற்கு அடுத்த ஆட்டம் வார்டில் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கேட் திறந்துவிட்டது. பொம்மைகள் மூன்றும் சிக்கிவிட்டன. நாங்கள் மட்டும் பாக்கி. கேட்டுக்குப் பத்தடி இருக்கும்போது தூணுக்குப் பின்னாலிருந்து பேய் வெளியே வந்தது. என் விரல் வழக்கம்போலப் பின்னால் துள்ளப் பார்த்தது. பக்கத்துக் கட்டிலில் என் வீட்டுக்காரர் சிரிப்பது கேட்டது.

அண்ணன் கத்தவில்லை. என் காதருகில் மெதுவாகச் சொன்னார். "ரைட்டு."

முன்னால் தள்ளினேன். நேராகப் பேயைப் பார்த்து. அது எதிர்பார்க்கவில்லை, அவசரத்தில் வீசியது, தப்பியது. ஒரு வீச்சு வீசினால் அது மூச்சு வாங்க நின்றாக வேண்டும். அந்த இடைவெளியில் அதன் அக்குள் வழியாகப் புகுந்து கேட்டுக்கு வெளியே வந்துவிட்டோம். வார்டே கைதட்டியது. கைதட்ட ஒரு கைதான் இருந்தவர்கள் கட்டிலைத் தட்டினார்கள். ஜெசி சிஸ்டர் திட்ட வந்தவர் திட்டாமல் நின்றார்.

என் வீட்டுக்காரர் தன் ரெண்டு கையையும் பார்த்தார். அப்புறம் அண்ணனின் கட்டிப்போட்ட கையைப் பார்த்தார். "ஒண்ணரக் கையில ஜெயிச்சிட்டீங்களேய்யா."

"ஒண்ணர எங்க கீது? ஒரு கை, ஒரு எரவல் வெரலு. மிச்சத்த மிஷினு வச்சிக்கினு கீது" என்றார் அண்ணன்.

இப்போது ஆபரேஷன் பேச்சை எடுப்பார் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. வெளியே ஆட்டோவுக்கு நிற்கும்போது, "ஏன் அண்ணாத்தே, அந்த நேரத்துல ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "சொன்னா பின்னாடி துள்ளுவாரும்மே" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போனார். அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். அதற்குப் பிறகு வந்தது சிஸ்டரின் போன்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். இவர் சட்டையை மாட்டிக்கொண்டார். திருவொற்றியூரில் அண்ணன் வாசலில், ஓரமாக நின்றிருந்த டிரைவர்களோடு போய் நின்றார். நான் பயந்துகொண்டே இருந்தேன். திரும்பவும் சுவர்தான் என்று நினைத்தேன். மறுநாள் டயாலிசிஸ். ஷேர் ஆட்டோவில் நான் இழுத்துப் போடாமல் தானே ஏறி உட்கார்ந்தார். வார்டில் அண்ணன் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருந்தார்கள். இவர் அந்தப் பக்கம் பார்த்துப் படுத்தார். அப்படியே படுத்தபடி கேட்டார்.

"பூங்கா. எனக்கும் கைய கட்டிப் போட்டாங்கன்னா, வெரலு குடுப்பியா?"

அவர் அதைக் கேட்டதும் எனக்கு அழ வேண்டும் போலவும் ஆடவேண்டும் போலவும் இருந்தது. அழுதால் பின்னால் துள்ளுவார். "அண்ணாத்தேகிட்ட கேட்டுதான்யா சொல்லணும்" என்றேன். ரெண்டு பேரும் சிரித்தோம். பிறகு ரெண்டு பேரும் சிரிக்கவில்லை.

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று கேட்டால், அந்த மூக்கு நெருடலைத்தான் சொல்வேன். இப்போது என்னிடம் கூடை முன்னால் நின்று சண்டைக்கு வருகிறவர்களைப் பார்த்தாலும், இதுக்கு இன்னா வேணும் என்றுதான் முதலில் யோசிக்கிறேன். பாதிச் சண்டை குறைந்துவிட்டது, வியாபாரத்தில் சுவாரசியமும் கொஞ்சம் குறைந்துவிட்டது. ஒரே ஒரு குறை. எந்தப் பேய் பிடிபடாவிட்டாலும் அந்தாண்ட போய்ப் பார்த்துவிட்டு வந்து சேதி சொல்கிறவர், இந்தத் தடவை போய்விட்டுச் சேதி சொல்லவில்லை. அங்கிருந்து பார்த்தால் நாங்கள் எப்படித் தெரிகிறோம் அண்ணாத்தே? முதுகுப் பக்கம் தெரிகிறதா? எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. அவசரம் ஒன்றும் இல்லை.

போன வாரம் ஆபரேஷன். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார். தியேட்டர் கதவு தூரத்தில் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுப்பது எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையிலேயே நான் வாயைத் திறக்காத நேரம் அதுதான். அவர் தன் இடது கையைத் தூக்கினார். காத்திருக்கிற கை. லாரி பாடியைக் கிளீனர் தட்டுவதுபோல ஸ்ட்ரெச்சர் கம்பியை ரெண்டு தட்டுத் தட்டினார்.

"போலாம், ரைட்டு."

தள்ளுகிறவர் புது ஆள். குனிந்து சொன்னார்: "ரைட்ல இல்லீங்க. தியேட்டரு நேரா இருக்குது."

"அதான்யா சொன்னேன்" என்றார் என் வீட்டுக்காரர்.